கையெழுத்து போட்டா முடிஞ்சிடுமா?

கனடா மேப்பை எடுத்து வடக்கே மேல வரைக்கும் போங்க. நுனாவுட்னு ஒரு பிரதேசம் இருக்கும். இனுக்டிடுட் மொழியில "நம்ம நிலம்"னு அர்த்தம். பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ 2021 கணக்குப்படி 37 ஆயிரத்துக்கும் கீழே. அதில் சுமார் 85 சதவீதம் இனுயிட். (நாம ஸ்கூல்ல "எஸ்கிமோ"ன்னு படிச்சது இவங்களைத்தான். அந்தப் பெயர் அவங்க பலருக்குப் பிடிக்காது, விட்டுடலாம்.)

1993ல் கனடா அரசோட நில ஒப்பந்தம் போட்டாங்க. 1999 ஏப்ரல் 1ல் நுனாவுட் தனிப் பிரதேசமாச்சு. இதோட கதை சுபம்னு நிறைய பேர் முடிச்சுடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை.

அந்த ஒப்பந்தத்துல, மொத்த நிலத்தின் மீதும் இருந்த பூர்வீக உரிமையை இனுயிட் விட்டுக்கொடுத்தாங்க. பதிலுக்கு சுமார் 3.5 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் சொந்தமாச்சு. 100 கோடி டாலருக்கு மேல பணம், வேட்டை உரிமை, அப்புறம் சில வாக்குறுதிகள். அதுல ஒண்ணு 23வது பிரிவு: அரசு வேலைகளில் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏத்த அளவு இனுயிட் இருக்கணும். உரிமையை விட்டுக்கொடுத்தது உடனே அமலுக்கு வந்துடுச்சு. வாக்குறுதி? 2006ல் நுனாவுட் டுங்காவிக் என்ற இனுயிட் அமைப்பு 100 கோடி டாலர் கேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. 2015ல் 25.55 கோடி டாலருக்கு சமரசம்.

அப்ப ஒப்பந்தமே வேஸ்ட்டா? இல்லைங்க. இஞ்சினியரிங் படிக்கிற நாம இங்கதான் கவனிக்கணும். பாஃபின் தீவில் மேரி ரிவர்னு ஒரு இரும்புச் சுரங்கம். உற்பத்தியை இரட்டிப்பாக்க, புது ரயில் பாதை போட கம்பெனி திட்டம் வெச்சது. கப்பல் அதிகமானா நர்வால் (நீளமான தந்தம் உள்ள திமிங்கலம்) அந்தப் பக்கமே வராதுன்னு வேட்டைக்காரங்க எதிர்த்தாங்க. ஒப்பந்தத்தால் உருவான மதிப்பீட்டு வாரியம் பல வருஷம் விசாரிச்சு, 2022 மே மாசம் 'வேண்டாம்'னு பரிந்துரைச்சது. நவம்பரில் மத்திய அமைச்சரும் ஏத்துக்கிட்டார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுல "உள்ளூர் மக்கள் கருத்து"ன்னு ஒரு பாரா எழுதி கடந்து போறோமே, அங்க அந்தப் பாராதான் திட்டத்தையே நிறுத்துச்சு.

ஆனா பாருங்க, கடைசி முடிவு அப்பவும் ஒட்டாவா கையிலதான். அமைச்சர் மாத்திச் சொல்லியிருந்தா? 2024 ஜனவரியில் கையெழுத்தான இன்னொரு ஒப்பந்தப்படி, அரசு நிலம், கனிமம் மீதான நிர்வாகம் 2027 ஏப்ரல் 1க்குள்ள நுனாவுட் அரசுக்கு வரணும். அதுக்கு ஆள் வேணும்: சர்வேயர், ஜியாலஜிஸ்ட், இஞ்சினியர். 23வது பிரிவை 1993லேர்ந்தே ஒழுங்கா அமல்படுத்தியிருந்தா, இந்நேரம் ஒரு தலைமுறையே ரெடியா இருந்திருக்கும்.