புத்தகக் கடைக்காரர் காப்பாற்றிய ராஜா கதை

தென்னிந்தியாவில் எடுத்த மௌனப்படங்களில், இன்னிக்கு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி மிஞ்சியிருப்பது ஒண்ணே ஒண்ணுதான். 'மார்த்தாண்ட வர்மா', 1933. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' ஒரு அடி கூட இல்லை. ஏ. நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் படங்கள், ராஜா சாண்டோ எடுத்த படங்கள் எல்லாம் போயே போச்சு. ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' சுருளை அவர் மகனே சின்ன வயசில் விளையாட்டாய்க் கொளுத்திவிட்டார். ஆக, மிச்சம் இந்த ஒரு படம்.

"இது மலையாளப் படம்தானே, ராஜபாளையத்துக்காரனுக்கு என்னவே வந்துச்சு?" என்று என் நண்பன் ஒருத்தன் கேட்டான். அவன் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவாவைத் தவிர எதையும் எங்க ஊரோடு பங்கு போட ஒத்துக்கொள்ளாத ஆள் :-) அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாவல்தான் மூலம். வேணாட்டு ராஜா ராம வர்மா படுத்த படுக்கை. மருமக்கள்தாய முறைப்படி பட்டம் மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்குப் போகணும். ராஜாவின் சொந்த மகன் பத்மநாபன் தம்பி, "அப்பன் சொத்து எனக்கில்லையா?" என்று எட்டு வீட்டுப் பிள்ளைமார்களோடு சேர்ந்து சதி செய்கிறான். இளவரசரின் விசுவாசி அனந்தபத்மநாபன் பஞ்சவன்காட்டில் வெட்டப்பட்டுச் செத்துவிட்டான் என்று ஊரே நம்புகிறது. அவன் காதலி பாறுக்குட்டி மட்டும் நம்பவில்லை. அவனோ பைத்தியக்காரச் சான்னான் வேஷத்தில் சுற்றிக்கொண்டு இளவரசரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். மாறுவேஷம், வாள்சண்டை, காதல், அரண்மனைச் சதி எல்லாம் உண்டு. நம்ம எம்ஜியார் இருபது வருஷம் கழித்து செய்த சமாசாரம் அத்தனையும் இதில் இருக்கு, பாட்டு மட்டும் கிடையாது.

இந்தக் கதை நடக்கிற பத்மநாபபுரம் இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு. படத்தைத் தயாரித்த ஆர். சுந்தர்ராஜ் நாகர்கோவில்காரர், டேனியலின் உறவினர். 1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கோடு போட்டபோது அரண்மனை இந்தப் பக்கம் வந்தது, படம் அந்தப் பக்கம் போனது. அவ்வளவுதான் விஷயம்.

இன்னும் ஒண்ணு. 1726-ல் வேணாட்டுக்காரர்கள் பிள்ளைமாரை அடக்க யாரிடம் படை கேட்டார்கள்? மதுரை நாயக்கரிடம். விஜயரங்க சொக்கநாதர் திருச்சியில் இருந்து ஆண்ட காலம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறுகிறவனுக்கு இது அந்நியக் கதையா என்ன? சிவகிரி, தென்காசி தாண்டிச் செங்கோட்டை போனால் 1956 வரைக்கும் அது திருவிதாங்கூர். நம்ம வீட்டு வாசல் ரோடு அப்படியே அந்தக் கதைக்குள்ள போகுது.

சரி, படம் எப்படித் தப்பிச்சது? இயக்கியவர் பி.வி. ராவ். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் வெளியிட்டார்கள். நாவலைப் பதிப்பிக்கும் உரிமை கமலாலயம் புக் டிப்போவிடம் இருந்தது. எங்களைக் கேட்காமல் எப்படி எடுத்தாய் என்று அவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள், படச்சுருள் பறிமுதல். சுந்தர்ராஜின் கதி அதோடு முடிந்தது. ஆனால் பெட்டி புத்தகக் கடையிலேயே பத்திரமாகக் கிடந்தது. 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் அலைந்தவர் பி.கே. நாயர்.

ஊர் ஊராக ஓடிய படங்கள் கிழிந்து, தேய்ந்து, கடைசியில் வெள்ளிக்காக உருக்கப்பட்டன. ஓடாத படம் பிழைத்தது. காப்பிரைட் என்றாலே கடுப்பாகிறவர்கள் நம்மில் நிறைய பேர், நானும்தான். இந்த ஒரு கேஸில் மட்டும் அந்தப் புத்தகக் கடைக்கு ஒரு கும்பிடு போடணும். ஆனா தயாரிப்பாளர் தெருவில் நின்றதையும் சேர்த்துத்தான் சொல்லணும், இல்லேன்னா அது பாதிக் கதை.

இதோடு 'எ த்ரோ ஆஃப் டைஸ்' படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 1929. இதுவும் ராஜா கதை, இதுவும் சதி. ஹிமான்ஷு ராய், சீதா தேவி, சாரு ராய் நடித்தது. சூதாடி நாட்டையும் காதலியையும் தோற்கிற கதை. பிரதி லண்டனில் இருந்ததால் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அதைச் சுத்தம் செய்தது, நிதின் சாஹ்னி புது இசை போட்டார், 2007-ல் டிராஃபல்கர் சதுக்கத்தில் ஆர்கெஸ்ட்ராவோடு திரையிட்டார்கள். மார்த்தாண்ட வர்மாவுக்கு அந்த மாதிரி ஒரு திரையிடல் நாகர்கோவிலில் நடக்க வேண்டாமா? ராஜபாளையத்தில் வேண்டாமா?

என் கட்சி இதுதான்: இந்தப் படத்தைக் கேரளச் சொத்து என்று அவர்களிடமே விட்டுவிடக் கூடாது. பங்கு கேட்கணும். பெருமைக்காக இல்லை. சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற யாருக்கும் தெரியும், ஒரே இடத்தில் ஒரே பேக்கப் வைத்திருப்பது பேக்கப்பே இல்லை. ஒரு படத்தைத் தன்னுடையது என்று சொல்ல ரெண்டு அரசாங்கம் இருந்தால் ரெண்டு இடத்தில் பிரதி இருக்கும்.

அப்புறம், நம்மால் மட்டுமே சேர்க்க முடிகிற ஒரு விஷயமும் இருக்கு. நாஞ்சில் நாட்டில் 'தம்பிமார் கதை' என்று ஒரு கதைப்பாடல் உண்டு, தமிழில். அதில் தம்பிமார்தான் பாவப்பட்டவர்கள், மார்த்தாண்ட வர்மாதான் அநியாயம் செய்தவர். நாவலும் படமும் ஜெயித்தவன் பக்கம், பாட்டு தோற்றவன் பக்கம். படம் ஊமை என்பதால் ஒரு வசதி: திரையில் இளவரசர் வாள் வீசிக்கொண்டிருக்க, பக்கத்தில் வில்லுப்பாட்டுக் குழு உட்கார்ந்து தம்பிமார் கதையைப் பாடட்டும். அரை மணி நேரம் போதும். நினைச்சுப் பார்த்தாலே புல்லரிக்குது. ஆடிப்பூரத் தேருக்கு வருகிற கூட்டத்தில் நாலு பேர் உட்கார்ந்து பார்த்தாலும் லாபம்.

"தமிழ்ப் படத்துக்கே பணமில்லை, மலையாளப் படத்துக்கா?" என்று கேட்பவர்களுக்கு: காப்பாற்றுவதற்குத் தமிழில் மௌனப்படம் எது மிச்சம் இருக்கு, சொல்லுங்க? மௌனப்படத்துக்கு மொழி டைட்டில் கார்டில் மட்டும்தான். அதைத் தமிழில் மாற்றிப் போட ஒரு ஆளும் ஒரு கம்ப்யூட்டரும் போதும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மக்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்கள் வீட்டுப் பரணில் தகர டப்பா எதுவும் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மொட்டை மாடி வெயிலிலும் வைக்காதீர்கள், பழைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். பிரித்தும் பார்க்க வேண்டாம். நிழலில், அடுப்புக்கு எட்ட வைத்துவிட்டு முதலில் காப்பகத்துக்கு எழுதுங்கள். 2022-லிருந்து அது என்எஃப்டிசியோடு இணைந்திருக்கிறது, அங்கே கேட்டாலே வழி சொல்வார்கள்.