டேக் கேர்னா யாரு பாத்துக்கணும்?

வாட்ஸப்பில் யாராவது "ஓகே டா, டி.சி." என்று முடித்தால் புதுசா காலேஜ் சேர்ந்தவனுக்குப் பகீர் என்று இருக்கும். டி.சி. என்றால் அவனுக்குத் தெரிந்தது டிரான்ஸ்ஃபர் சர்டிபிகேட் தான்! அப்புறம் யாராவது சொல்வார்கள், அது டேக் கேர் என்று. :)

தமிழ்நாட்டில் ஏபிசிடி தெரியாதவர்கள் வாயில் கூட இந்த 'கேர்' புழங்குகிறது. முகத்துக்கு ஸ்கின் கேர், முடிக்கு ஹேர் கேர், குழந்தைக்கு டே கேர், போன் வேலை செய்யவில்லை என்றால் கஸ்டமர் கேர். காதலிப்பவன் "அவ என்னை ரொம்ப கேர் பண்ணிக்கிறா" என்பான். சண்டை வந்த மறுநாள் அதே ஆள் "ஐ டோண்ட் கேர்" என்பான். மார்க் குறைந்தால் அப்பா சொல்வது "கேர்லெஸ்". வீடு வாசல் இல்லாதவனுக்கு "கேர் ஆஃப் பிளாட்ஃபாரம்".

இத்தனைக்கும் தமிழில் ஒரே சொல் கிடையாது. அக்கறை, கவனம், பராமரிப்பு, ஜாக்கிரதை, பொறுப்பு என்று இடத்துக்கு இடம் மாறும். நம்ம ஊர் 'கவனிப்பு' மட்டும் லேசுப்பட்டதா என்ன? விருந்தாளியைக் கவனிப்பது ஒன்று. "சாரை கொஞ்சம் கவனிங்க" என்று ஆபீஸ் வாசலில் சொன்னால் அது வேறு. "உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றால் ஓடிவிட வேண்டும். ஆங்கிலப் படத்து வில்லனும் ஒருத்தனைத் தீர்த்துக் கட்டச் சொல்லும்போது 'டேக் கேர் ஆஃப் ஹிம்' என்றுதான் சொல்வான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

டிக்‌ஷனரியைப் புரட்டினால் இன்னொரு ஆச்சரியம். பழைய ஆங்கிலத்தில் கேர் என்றால் துக்கம், கவலை. அக்கறை என்ற அர்த்தம் அதிலிருந்து கிளைத்து வந்தது. ஜெர்மன்காரர்கள் புனித வெள்ளியை 'கார்ஃப்ரைடாக்' என்கிறார்கள். அந்தக் 'கார்' இதற்குச் சொந்தக்காரச் சொல், பொருள் புலம்பல். குணமாக்குவதைச் சொல்லும் 'க்யூர்' கேட்க ஒரே குடும்பம் போல இருந்தாலும் லத்தீனில் இருந்து வந்தது, உறவே இல்லை. ஆக, கேர் பண்ணுகிறவன் என்றால் முதலில் மனசு வலிக்கிறவன் என்றுதான் அர்த்தமாக இருந்திருக்கிறது.

இப்போது அந்த வலியைக் கழற்றிவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இங்கே வழக்கு.

ஊருக்குக் கிளம்பும் பேரனிடம் பாட்டி "பாத்து போப்பா" என்றால் பஸ் மறையும் வரை அங்கேயே நிற்பாள். ராத்திரி போன் வரும் வரை தூங்கமாட்டாள். டேக் கேர் என்று டைப் பண்ணுகிறவனுக்கு அந்தப் பாரம் கிடையாது. "உன்னை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லி, பொறுப்பை எதிராளி கையில் கொடுத்துவிட்டு ஆஃப்லைன் போய்விடுகிறான். கஸ்டமர் கேர் கதையும் அதேதான். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'. முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே? (அந்தப் பக்கம் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்து நாள் முழுக்கத் திட்டு வாங்கும் பையனோ பெண்ணோ பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.)

வேடிக்கை என்னவென்றால் இந்தச் சொல்லை இன்னும் சீரியஸாக எடுத்துக்கொள்வது வறட்டுச் சட்டப் புத்தகம் ஒன்றுதான். பி.காம். பையன்கள் மனப்பாடம் பண்ணும் 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. ஒருவர் பொருளை இன்னொருவர் பொறுப்பில் வாங்கி வைத்தால், சாதாரண விவேகம் உள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அந்த அளவு கேர் எடுக்க வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டு, டெய்லர் கடை, லாண்டரி எல்லாம் இதில் அடக்கம். அஞ்சு மார்க் கேள்வி. ஆனால் அந்த 'தன் சொந்தப் பொருளைப் போல' என்பதை நின்று படித்தால், பாட்டி அளவுக்கு இல்லாவிட்டாலும் பக்கத்தில் வருகிறது.

1998ல் தில்லியில் ஒரு பெரிய ஓட்டலில் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் திருடு போனது. வண்டி உரிமையாளர் ரிஸ்க்கில்தான் நிற்கிறது என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறோமே என்றது ஓட்டல். 2019ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவியை வாங்கியாயிற்று, உன் ஆட்களின் அலட்சியத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு வைத்துத் தப்பிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். காரின் மதிப்பு 2,80,000 ரூபாயை வட்டியோடு கட்ட வேண்டியதாயிற்று.

அதே கேர் இன்னொரு சட்டத்திலும் வருகிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007ல் வந்த சட்டம், பிரிவு 24. முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர் அவரை ஒரேயடியாகக் கைவிடும் எண்ணத்தில் எங்காவது விட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது நஷ்ட ஈடு, இது தண்டனை, இரண்டையும் ஒரே லெட்ஜரில் போடக்கூடாது என்று அக்கவுண்ட்ஸ் வாத்தியார் அடிக்க வருவார். சரிதான். ஆனாலும் அந்த இரண்டு தொகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது உறுத்துகிறது. இப்படி ஒரு பிரிவு எழுதவேண்டிய நிலை வந்ததே, அது அதைவிட உறுத்துகிறது.

காசு கொடுத்து வாங்கும் கேர் எல்லாம் போலி என்று சொல்லவும் முடியாது. மாதச் சம்பளத்துக்கு வந்து, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் புரட்டிப் போட்டு, மலம் அள்ளி, வாயில் கஞ்சி ஊற்றும் ஹோம் நர்ஸ் அம்மாவை விடவா வெளிநாட்டில் இருந்து வீடியோ காலில் "டேக் கேர் பா" சொல்லும் மகன் அதிகமாகப் பார்த்துக்கொள்கிறான்? அவன் அனுப்பும் பணத்தில்தான் அந்த அம்மாவுக்குச் சம்பளம் என்பதும் உண்மை. இதில் தீர்ப்பு சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் போய்ப் பார்க்கலாம். கண்ணாடிக் கதவு மேலே 'இன்டென்சிவ் கேர்' என்று எழுதியிருக்கும். உள்ளே மெஷின், மானிட்டர், ஷிப்ட் முறையில் நர்ஸ்கள். அவர்கள் செய்வதும் கேர்தான், உயிரைக் காப்பாற்றுகிற கேர். வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிளாஸ்க்கும் ஃபைலுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் பெயர் அட்டெண்டர். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பார். "நாங்க பாத்துக்கறோம், நீங்க போய் உக்காருங்க" என்பார்கள். போய் உட்காருவார். மறுபடி கதவு திறக்கும்.