பஸ் ஏறிப் பார்க்க வேண்டிய சொந்தங்கள்

பொங்கல் வந்தால் காக்ஸ் டவுன் பாதி காலியாகிவிடும். சேலம், தர்மபுரி, வேலூர் என்று மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவோம். அதில் தவறில்லை. ஆனால் இந்த மாநிலத்திலேயே நமக்குச் சொந்தங்கள் உண்டே. அவர்கள் வாசலை என்றாவது மிதித்திருக்கிறோமா?

அண்மையில் ஆறு நாள் லீவு போட்டு நண்பர்களைத் தேடிப் போய்வந்தேன். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். ரயில்வே ஊழியனுக்குப் பாஸ் உண்டு. ஆனாலும் பஸ்ஸில்தான் போனேன். ரயில் போகாத ஊரில்தான் நம் ஜனங்கள் அதிகம் மறக்கப்பட்டிருக்கிறார்கள்.

முதலில் கோலார் தங்கவயல். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்த ஊர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகள் இன்று இருட்டோடு எழுந்து, மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் பிழைக்க வருகிறார்கள்.

அடுத்து பத்ராவதி. 1923-ல் உற்பத்தி தொடங்கிய இரும்பாலை அது. 2023-ல் அதை மூடப்போவதாக அறிவிப்பு வந்தபோது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். "பந்தலில் தமிழன், கன்னடன் என்ற பேச்சே இல்லை, வயிறு ஒன்றுதானே!" என்றார் நண்பர்.

அங்கிருந்து சிக்மகளூர் வந்து, சார்மாடி மலைப்பாதையில் இறங்கினால் புத்தூர், சுள்ளியா. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அப்படித் தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இங்கே வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். விடியுமுன் கத்தியோடு போய்ப் பால் வெட்டுகிறார்கள். நான் தங்கிய வீட்டுப் பெரியவர் ஒரு பழைய பையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுக் கொடுத்த மனுக்களின் நகல்கள்! "அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள், தம்பி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நமது சங்கங்கள் மேடைக்கும் மாலைக்கும் செலவழிக்கின்றன. அதில் ஒரு விழாவைக் குறைத்து, ஆண்டுக்கு ஒரு பஸ் பிடிக்கக் கூடாதா? பத்துக் குமாஸ்தாக்கள் போனால் போதும். எந்த மனுவை யாருக்கு எழுதுவது, எந்த நகலை இணைப்பது என்பது நமக்குத் தெரிந்த தொழில். பிள்ளைகளுக்கு நாலு தமிழ்ப் புத்தகமும் கொண்டுபோகலாம். கன்னடம் எழுதத் தெரிந்த நண்பர்களையும் அழைக்கலாம்; அழைத்தால் வருவார்கள்.

"நேரமில்லை, காசில்லை" என்பீர்கள். எனக்கும் இல்லைதான். அந்தப் பெரியவரின் வீட்டில் ஒரே கட்டில். அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் தரையில் படுத்தார். பட்ட கடனைத் தீர்க்க மறுபடியும் போகத்தான் வேண்டும். இந்த முறை தனியாகப் போக எனக்கு மனமில்லை.