ஹைப்பரா, ஹைப்போவா?

எங்கள் வீடு சாலாக் செலாத்தானில் இருக்கிறது. முதல் தடவை வருகிற உறவினர்களில் யாராவது ஒருவர் சாலாக் திங்கியில் போய் நின்றுகொண்டு, "வந்துட்டோம், எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று போன் செய்வார். அது சிப்பாங் பக்கம்! 'சாலாக்' என்று கேட்டவுடனேயே காது திருப்தி அடைந்துவிடுகிறது. வாலை யாரும் கேட்பதில்லை.

ஆங்கிலத்திலும் இப்படிச் சாலாக்குகள் நிறைய உண்டு. அண்மையில் ஒருநாள் காலை ஒலிபரப்பில் அதில் ஒன்றில் மாட்டிக்கொண்டேன்.

இனிப்பு நீர் பற்றிய குறிப்பு அது. இரத்தத்தில் சீனி கூடினால் ஹைப்பர்கிளைசீமியா, குறைந்தால் ஹைப்போகிளைசீமியா என்று சரியாகத்தான் வாசித்தேன். பத்து நிமிடத்தில் ஓர் அம்மா அழைத்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரருக்கு அடிக்கடி ஹைப்போ வருதுன்னு கிளினிக்ல மிஸ்ஸி சொன்னாங்க. காலையில ஊசி போட்டதும் வேர்த்து நடுங்குவாரு. சீனி ஏறிப்போச்சுன்னு நான் கையில இருக்கிற பிஸ்கட்டக்கூட பிடுங்கிடுவேன். தே ஓ கோசோங்தான் குடுப்பேன். இப்ப நீங்க சொன்னது ஹைப்பரா, ஹைப்போவா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. தாளிக்கிற சத்தத்துக்கும் குழந்தைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற சத்தத்துக்கும் நடுவில் வானொலி கேட்பவருக்கு 'பர்' எது, 'போ' எது?

இரண்டுமே கிரேக்க மொழியிலிருந்து வந்த முன்னொட்டுகள். ஹைப்பர் என்றால் மேலே, ஹைப்போ என்றால் கீழே. ஹைப்பர்டென்ஷன் உயர் இரத்த அழுத்தம், ஹைப்போடென்ஷன் தாழ் இரத்த அழுத்தம். (அந்த 'டென்ஷன்' நம் வீட்டு டென்ஷன் இல்லை. கவலைப்படாதவருக்கும் அது வரும்.) தைராய்டு அதிகம் சுரந்தால் ஹைப்பர், போதாமல் சுரந்தால் ஹைப்போ, மருந்தும் நேரெதிர். நினைவில் வைக்க எளிய வழி நம் ஊரிலேயே இருக்கிறது. ஹைப்பர்மார்க்கெட்டுக்குப் போகாதவர் யார்? சாதாரணக் கடையைவிடப் பெரியது, எல்லாமே கூடுதல், பில் உட்பட. அதே ஹைப்பர்தான் இது. எஞ்சியது ஹைப்போ.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. உயர், தாழ் என்று முதல் எழுத்திலேயே வழி பிரிந்துவிடுகிறது. மலாயில் 'குலா திங்கி', 'குலா ரெண்டா' என்றாலும் குழப்பமில்லை. நாம்தான் மருத்துவரின் சொல்லை அப்படியே சொன்னால் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அந்த ஆள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'புரோஸ்டேட்' புற்றுநோய் என்பதை 'புரோஸ்ட்ரேட்' என்று வாசித்திருக்கிறேன். முதலாவது ஆண்களுக்கு இருக்கும் ஒரு சுரப்பி. இரண்டாவது நெடுஞ்சாண்கிடையாக விழுவது.

மருந்துப் பெயர்களிலும் இதே கதை. மெட்ஃபார்மின் இனிப்பு நீருக்கு, மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. மருந்தாளர்கள் இப்படிப்பட்ட பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதும் முறை வைத்திருக்கிறார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. வாயில் அதைவிடக் கிடையாது.

நம்மவர்களுக்கு இது ஏதோ பொது அறிவு விஷயம் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு பசியாறாமல் இருந்தால், வீட்டில் யாருக்கு வேண்டுமானாலும் ஹைப்போ வரலாம்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம் - இவை சீனி இறங்கியதற்கான அறிகுறிகள். தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி என்றால் பெரும்பாலும் ஏறியிருக்கிறது. கருவியில் 4க்குக் கீழே காட்டினால் தாழ்வு. தமிழ்நாட்டு உறவினர் 70 என்பார். அவர்கள் அளவு வேறு, நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இறங்கியவருக்கு உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சீனியில்லாத 'ஸீரோ' பானங்கள் உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999ஐ அழைக்க வேண்டும். ஏறியவருக்கு அதே சீனித் தண்ணீரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அம்மாவை நானே அழைத்தேன். ஊசியின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், நடந்ததை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள் என்றேன். கிளினிக் புத்தகத்தில் 'ஹைப்போ' என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பேனாவால் 'தாழ்வு' என்று எழுதி வைக்கவும் சொன்னேன்.

"தாழ்வுன்னு எழுதினா அவருக்குக் கோவம் வரும்மா. 'கம்மி'ன்னு எழுதிக்கிறேன்" என்றார்.