கத்தரிக்கோல் எதற்கு? கற்றாழை இருக்கிறதே!

சோற்றுக்கற்றாழையை அறியாதவர் நம்மில் யார்? வேலி ஓரத்தில் வளரும். வாசல்படிக்கு மேலே கயிற்றில் தொங்கும். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது.

இதே கற்றாழை, கடல்களுக்கு அப்பால் ஜமைக்கா என்ற தீவில் ஒரு பெரிய வேலை செய்து வருகிறது. சடாமுடி வளர்க்கும் மக்களின் தலையை அது பராமரிக்கிறது.

அந்த முடிக்காக அங்கே ஒரு 5 வயதுச் சிறுமி கோர்ட்டு வரை போக நேர்ந்தது!

தலைமுடிக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மேலே படியுங்கள்.

சடாமுடிக்காரர்கள்

ஜமைக்கா, கியூபா நாட்டுக்குத் தெற்கே, கரீபியன் கடலில் இருக்கிறது. அங்குள்ளவர்களில் பெரும்பாலோர், ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.

1930-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, எத்தியோப்பியா நாட்டில் ராஸ் தபாரி என்பவர் சக்கரவர்த்தியாக முடிசூடினார். ஹெய்லி செலாசி என்ற பட்டப்பெயர் பெற்றார். கறுப்பு இனத்தவர் ஒருவர் சக்கரவர்த்தி ஆன செய்தி ஜமைக்காவின் ஏழை மக்களைச் சிலிர்க்க வைத்தது. ‘நம்மைக் காக்க வந்தவர் இவரே’ என்று பலர் நம்பினார்கள். அவர் பெயராலேயே ‘ராஸ்தபாரி’ என்ற மதம் பிறந்தது.

இவர்களில் பலர் தலையைச் சீவுவது இல்லை. முடியை வெட்டுவதும் இல்லை. விரதம் இருப்பவன் தலையில் சவரக்கத்தி படக்கூடாது என்று பைபிளின் பழைய ஏற்பாட்டில் ஒரு விதி உண்டு. அதையே இவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

பாடகர் பாப் மார்லியின் படத்தைப் பனியன்களில் பார்த்திருப்பீர்கள். கயிறு கயிறாகத் தோளில் தொங்குகிறதே, அந்த முடிதான். ‘டிரெட்லாக்ஸ்’ என்பது அதன் பெயர்.

சடை எப்படி விழுகிறது?

மனிதர் தலையில் இருந்து நாள்தோறும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. நாம் சீப்பால் சீவும்போது அவை வந்துவிடுகின்றன. சீவாத தலையில் அவை எங்கே போகும்? மற்ற முடிகளோடு பின்னிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். சுருட்டை முடி என்றால் இன்னும் எளிதாகப் பின்னிக்கொள்ளும். நாளாக ஆக அது கயிறுபோல் திரண்டுவிடும்.

ஆகவே, சடாமுடி என்றால் அழுக்கு முடி என்று நினைப்பது தவறு. சீவாத முடி வேறு. கழுவாத முடி வேறு!

கற்றாழையின் வேலை

ராஸ்தபாரிகள் இயற்கையோடு ஒட்டி வாழ விரும்புகிறவர்கள். உணவில் ஆகட்டும், உடம்புக்குப் பூசுவதில் ஆகட்டும், ரசாயனப் பொருளைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். அதனால் கொல்லையில் வளரும் கற்றாழை அவர்களுக்குக் கைகொடுக்கிறது. ஜமைக்காவின் கிராமத்து மக்கள் அதைச் ‘சிங்கிள் பைபிள்’ என்று அழைக்கிறார்கள். ‘என்றும் வாழ்வது’ என்று பொருள்படும் லத்தீன் சொல் மருவி அப்படி ஆகிவிட்டது.

சடைக்கு அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

செடியின் வெளிப்பக்கத்தில் உள்ள முற்றிய மடல் ஒன்றை வெட்டுகிறார்கள். வெட்டுவாய் கீழே இருக்கும்படி கொஞ்ச நேரம் சாய்த்து வைக்கிறார்கள். மஞ்சள் நிறப் பால் வடிந்துவிடும். இந்தப் பால் ஆகாது. தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். வயிற்றுக்குள் போனால் பேதியாகும்.

பிறகு மடலைக் கழுவி, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை வழித்து எடுக்கிறார்கள். அதை நன்றாக அடித்து, துணியில் வடிகட்டுகிறார்கள். வடிகட்டுவது மிக அவசியம். இல்லாவிட்டால் சக்கை சடைக்குள் சிக்கிக் காய்ந்துவிடும். அப்புறம் எடுக்கவே முடியாது.

வடித்த சாற்றை மண்டைத் தோலிலும், புதிதாக முளைத்த வேர் முடியிலும் தடவுகிறார்கள். முடியை விரல்களால் மெதுவாக முறுக்கி விடுகிறார்கள். பிறகு நன்றாகக் காய வைக்கிறார்கள்.

மெழுகும் கிரீசும் சடைக்குள் ஏறினால் லேசில் வெளியே வராது. தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கற்றாழைச் சோறு அப்படி அல்ல. அதில் 100-க்கு 98 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். வறண்ட தோலுக்கு ஈரம் தரும். தலையை அலசினால் போய்விடும்.

புளுகை நம்பாதீர்கள்

நல்ல பொருள் என்பதற்காக இல்லாத புகழை அதன்மேல் ஏற்றக்கூடாது. கடைகளில் விற்கும் சில புட்டிகளைப் பாருங்கள். ‘வழுக்கையில் முடி வளரும்’ என்று கூசாமல் அச்சிட்டிருப்பார்கள்! கற்றாழை தடவினால் வழுக்கையில் முடி முளைக்கும் என்பதற்குச் சரியான சான்று கிடையாது. அது பேனைக் கொல்லாது. தலைக்குக் குளிப்பதற்கு அது மாற்றும் ஆகாது.

சடையை இழுத்து இறுக்கி முறுக்கினால் நெற்றி ஓரத்து முடி வேரோடு போகும். எத்தனை மடல் தடவினாலும் அதைத் தடுக்க முடியாது. இறுக்குவதை நிறுத்துவதே வைத்தியம்.

முதல் முறை தடவுகிறவர்கள் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பார்க்க வேண்டும். தடிப்போ அரிப்போ வந்தால் விட்டுவிட வேண்டும்.

முக்கியமான இன்னொன்று ஈரம். சடையின் மேல்புறம் காய்ந்திருக்கும். உள்ளே ஈரம் நிற்கும். அப்படியே முடிந்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து நாறும். ஜமைக்காக்காரர்கள் இதை ‘ஜஞ்சோ’ என்கிறார்கள். சிறுமியின் வழக்கிலே அடிபட்ட சொல் இது!

கத்தரிக்கோலின் கதை

ராஸ்தபாரிகளின் முடிமேல் கத்தரிக்கோல் பாய்வது புதிது அல்ல.

1963-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் ஒரு கலவரம் நடந்தது. 8 பேர் மாண்டார்கள். அதில் சம்பந்தப்பட்டவர்கள் சிலர்தான். ஆனால் போலீசார் கண்ட கண்ட ராஸ்தபாரிகளை எல்லாம் பிடித்தார்கள். அடித்தார்கள். பலருடைய சடைமுடியைப் பலவந்தமாக வெட்டி எறிந்தார்கள். 54 ஆண்டுகள் கழித்து, 2017-ல், பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் பார்லிமெண்டில் அரசாங்கத்தின் சார்பாக மன்னிப்புக் கேட்டார்.

மறு ஆண்டே பள்ளிக்கூடத்துப் பிரச்சினை கிளம்பியது. 5 வயதுச் சிறுமியைச் சேர்க்கப் போன பெற்றோரிடம், ‘முடியை வெட்டிவிட்டு அழைத்து வாருங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். பேன் பிடிக்கும், ஜஞ்சோ பிடிக்கும், சுத்தம் கெடும் என்பது பள்ளியின் வாதம்.

பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை சிறுமி முடியோடு பள்ளிக்கு வரலாம் என்று கோர்ட்டு அனுமதித்தது. ஆனால் 2020 ஜூலை 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, சிறுமியின் உரிமை மீறப்படவில்லை என்றது. அந்த நாட்டில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மேலே அப்பீல் கோர்ட்டு உண்டு. 2024-ல் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. உரிமை மீறப்பட்டது உண்மை என்று கூறியது.

5 வயதில் தொடங்கிய வழக்கு முடிவதற்கு ஏறத்தாழ 6 ஆண்டுகள்!

எது நியாயம்?

பள்ளியின் கவலை முழுவதும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வகுப்பில் பல குழந்தைகள் நெருங்கி உட்காருகிறார்கள். ஒரு தலையில் பேன் இருந்தால் மற்ற தலைக்கும் வரும். ஈரச்சடையில் பூஞ்சணம் பிடிப்பதும் உண்மையே.

ஆனால் பேன் சடாமுடியைத் தேடித்தான் வருமா? எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல் போட்ட தலைக்கு வராதா? நம் வீட்டுத் தாய்மார்களைக் கேளுங்கள். ஈறுவலியை எடுத்துக் காட்டுவார்கள்!

பேன் வந்த குழந்தையைப் பார்த்து, ‘மொட்டை அடித்துவிட்டு வா, அப்போதுதான் பாடம்’ என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா? ‘தலையைச் சுத்தம் செய்து அனுப்புங்கள்’ என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வோம். அதுதான் முறை.

வேண்டியது சுத்தம் என்றால் சுத்தத்தைக் கேளுங்கள். முடியைக் கேட்காதீர்கள். அழுக்கை நீக்கத் தண்ணீர் இருக்கிறது. வறட்சியை நீக்கக் கற்றாழை இருக்கிறது. ஈரத்தைப் போக்க வெயில் இருக்கிறது. இத்தனையும் இருக்கும்போது கத்தரிக்கோல் எதற்கு?

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. ‘எங்கள் முடி, எங்கள் உரிமை’ என்று சொல்பவர்கள் அதைக் கழுவிக் காயவைக்கும் சிரமத்தையும் ஏற்க வேண்டும். குழந்தையால் தன் சடையைத் தானே பேண முடியாது. தாயோ தகப்பனோ பக்கத்தில் உட்கார்ந்து, மடலைச் சீவி, சாற்றை வடித்து, ஒவ்வொரு சடையாகப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை இருக்கும் வீட்டிலே சடாமுடியும் சுத்தமாகவே இருக்கும்.

மற்றவர் தலை நம் தலையைப் போல இல்லை என்பதற்காக அதை அழுக்கு என்று சொல்லிவிடக்கூடாது. தொட்டுப் பார்க்காமல், கேட்டுப் பார்க்காமல் சொல்லும் முடிவு அது.

பள்ளிக்கூடம் குழந்தையின் தலைக்குள்ளே அறிவை ஏற்றட்டும். தலைக்கு மேலே இருப்பதைத் தாய் பார்த்துக்கொள்வாள்!