காணி இல்லாத தீவின் பானைகள்



போன மாதம் வன்னியில் ஒரு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பனையோலைப் பெட்டி இழைக்கும் பதினொரு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாவின் கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அவருடைய காணியும் இன்னும் கைக்கு வரவில்லை. "பெட்டி இழைக்கத் தெரியும் மிஸ். ஆனால் வந்து ஏத்திக்கொண்டு போற முதலாளி சொல்லுறதுதான் விலை. காணி இருந்தாலாவது தோட்டம் செய்து பிழைப்பம். காணியும் இல்லாமல் இந்த ஓலையை வைச்சு என்ன செய்யேலும்?" என்று கேட்டார்.

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் மைலுத் தீவு நினைவுக்கு வந்தது.

பப்புவா நியூ கினியின் தென்கிழக்குக் கரையோரம் உள்ள சிறு தீவு அது. நீளம் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர்தான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மலினோவ்ஸ்கி என்ற அறிஞரின் பெயரோடு அந்தத் தீவின் பெயரையும் கேட்டிருந்தேன். 1914 இன் பிற்பகுதியில் அவர் அங்கே தங்கி, அடுத்த ஆண்டே அம்மக்களைப் பற்றி எழுதினார். அக்காலத்தில் அந்தக் கரையிலேயே மிகப் பெரிய ஊர் மைலுதான். ஊரை நிறைத்த சனத்துக்குப் போதிய தோட்ட நிலம் தீவில் இல்லை. அப்படியானால் எப்படி வாழ்ந்தார்கள்?

பெண்கள் பானை செய்தார்கள். சக்கரம் கிடையாது. களிமண்ணைத் திரி திரியாக உருட்டி, வளையமாக அடுக்கி, கையால் இழைத்து மட்டமாக்கி, திறந்த வெளியில் நெருப்பு மூட்டிச் சுட்டார்கள். ஆண்கள் பெரிய பாய்மரத் தோணிகள் கட்டினார்கள். பானைகள் தோணியேறி அயல் கரைகளுக்குப் போயின. பதிலுக்குச் சவ்வரிசிப் பனையின் மாவும் பன்றியும் பாக்கும் வந்தன.

இந்த நிலை எப்படி வந்தது என்பதை 1970களில் தேடிப் பார்த்தவர் ஜெஃப்ரி ஏர்வின் என்ற தொல்லியலாளர். 1985 இல் அதை நூலாகவும் வெளியிட்டார். தீவிலும் எதிரே உள்ள பெருநிலத்திலும் அகழ்ந்து எடுத்த பானை ஓடுகளின் வடிவத்தையும் கோலத்தையும் ஒப்பிட்டார். அவற்றின் மண்ணையும் ஆய்வுகூடத்தில் சோதித்தார். ஏறத்தாழ 2000 ஆண்டுகளின் கதை தெரியவந்தது. தொடக்கத்தில் பானை செய்தது மைலு மட்டுமல்ல. பல இடங்களில் பல வகை மண்ணில் செய்தார்கள். காலம் போகப் போக மற்ற இடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட, கடைசியில் மைலுவே அந்தப் பகுதிக்கெல்லாம் பானை கொடுத்தது. பானைகளும் ஒரே அளவுப்பாணியில், ஒரே தரத்தில் அமைந்தன.

மைலுவுக்கு மட்டும் ஏன் இது வாய்த்தது? ஏர்வின் ஊர்களையும் அவற்றுக்கிடையே போக்குவரத்துள்ள வழிகளையும் வரைந்து எண்ணிப் பார்த்தார். எல்லா ஊர்களிலிருந்தும் எளிதில் போய்ச் சேரக்கூடிய இடமாக மைலு இருந்தது. கைத்திறன் எல்லா இடத்துப் பெண்களிடமும் இருந்தது. மைலுப் பெண்களிடம் திறனோடு வழியும் தோணியும் இருந்தன.

இதில் என் மனதை உறுத்துகிற ஒன்றும் உண்டு. மைலு வளர்ந்தபோது, பானை செய்துவந்த மற்ற ஊர்ப் பெண்களின் தொழில் அழிந்துபோனது. அவர்களுக்கு மிஞ்சியது மண்ணுக்குள் கிடந்த ஓடுகள்தான். எங்கள் ஊர்களிலும் ஒரு குழு முன்னுக்கு வரும்போது பக்கத்துக் குழு படுத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

இந்த மாதம் அதே குழுவிடம் போய் மைலுவின் கதையைச் சொன்னேன். பிறகு முற்றத்து மணலில் ஈர்க்கால் ஒரு படம் கீறினோம். எந்த ஊரில் எந்த நாள் சந்தை, எந்த பஸ் எங்கே நிற்கும், எந்தக் கோயில் திருவிழாவுக்கு எத்தனை அர்ச்சனைப் பெட்டி தேவை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்தில் மணல் நிறைந்துவிட்டது. முதலாளிக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்த வழிகளில் பாதி அவர்களுக்கே தெரிந்திருந்தது. மூன்று அளவுகளில் மட்டும் பெட்டி இழைப்பது, பக்கத்துக் கிராமக் குழுவையும் சேர்த்துக்கொண்டு முறைவைத்துச் சந்தைக்குப் போவது என்று அவர்களே தீர்மானித்தார்கள்.

காணிக்கான கேள்வி இதனால் முடிந்துவிடாது. காணி அவர்களுடைய உரிமை. அதை விடாமல் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது வரும்வரை கையில் உள்ள தொழிலுக்கு ஒரு வழி வேண்டுமே.

புறப்படும்போது அந்த அம்மா கேட்டார்: "அந்தத் தீவுப் பொம்பிளையளின்ர பேர் ஒண்டும் தெரியாதோ மிஸ்?" பண்டைக் காலத்து ஓடுகளில் பெயர் இல்லை என்றேன். "அப்ப நாங்கள் பெட்டியில எங்கட குழுவின்ர பேரை எழுதுவம்" என்றார்.

உங்கள் முற்றத்திலும் ஒரு படம் கீறிப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.