தொடக்கூடாத காலைச் சுட்டிக்காட்ட ஆளில்லையா?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், ஒரு மசாஜ் பயிற்சி நிலையத்தின் மாடியில் சென்ற மாதம் நாம் கண்டது இது. இடது கால் மட்டும் வீங்கிய பெரியவர் ஒருவர் மேசையில் படுத்திருக்கிறார். கோர்ஸில் சேர்ந்து இரண்டே வாரமான பெண், கெண்டைக்காலில் எண்ணெய் விட்டுக் கட்டைவிரலால் அழுத்தி மேலேற்றுகிறாள். வீக்கம் எத்தனை நாளாக, சர்க்கரை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. சொல்லித்தர வேண்டியவர் கீழே அடுத்த பேட்சுக்குப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். நாம் தடுத்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். "எந்தக் காலைத் தொடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே சார்" என்றாள், விரல் எண்ணெயைத் துண்டில் துடைத்தபடி.

அந்தப் பெண்மீது நமக்குக் கோபமில்லை. அவளைத் தனியே விட்டவர்கள்மீதுதான். பெரியவரை உடனே மருத்துவரிடம் போகச் சொன்னோம்.

ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால், உள்ளே ஆழமான சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைப் பிசைந்தால் உறைகட்டி கழன்று நுரையீரலை அடைக்கலாம், உயிரே போகலாம். நீரிழிவால் மரத்துப்போன பாதத்தில் சூட்டு ஒத்தடம் வைத்தால், கொப்புளம் எழும்பும்வரை படுத்திருப்பவருக்கே தெரியாது. படித்து மட்டும் இந்த ஆபத்தை உணரும் திறன் கைக்கு வராது. தேர்ந்தவர் பக்கத்தில் நின்று, "நிறுத்து, இங்கே தொட்டுப் பார், சூட்டைக் கவனி" என்று பலமுறை சொல்லி வர வேண்டியது.

நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனும் மசாஜ் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று நீளும். சித்த மருத்துவப் பட்டப் படிப்பிலும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி முடிக்காமல் தொழிலுக்கு வர முடியாது. பிரான்ஸ் 1946-லேயே மசாஜ், இயன்முறைச் சிகிச்சைத் தொழிலுக்கு அரசுப் பட்டயத்தைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அன்று புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடிதான். 1823-இல் மருத்துவப் பள்ளி கண்ட ஊரும் இதுதான். இந்திய அரசின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இயன்முறை மருத்துவர் போன்றோருக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பைக் கேட்கிறது. இங்கேயோ சில வாரங்களில் சான்றிதழ், பிரேம் போட்ட புகைப்படத்தோடு!

நிலையம் நடத்துபவர்களுக்குச் சொல்கிறோம்: ஆசிரியர் அறையில் இல்லாமல் மாணவர் ஒரு நோயாளிமீதும் கைவைக்கக் கூடாது. வந்தவரிடம் நோய் விவரம் கேட்டு எழுதி, தொடுவது மாணவர் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். செய்த சிகிச்சை ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதி ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேடு இல்லாதவருக்குச் சான்றிதழ் கிடையாது என்று அறிவியுங்கள்.

புதுவை சுகாதாரத் துறையும் இதைக் கடை விவகாரம் என்று நகராட்சிப் பக்கம் தள்ளிவிட முடியாது. தொழில் உரிமம் கட்டடத்துக்குத்தான், கைக்கு அல்ல. அதிகாரிகள் பயிற்சி அறைக்கு நேரில் வந்து, மேசையருகே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அடுத்த பேட்ச் தொடங்குவதற்குள் வர வேண்டும்.